எஃப்சிக்குப் போகிறீர்களா? பெயிண்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் வண்டிக்கு அடியில் குனியுங்கள்

பக்கத்து வீட்டுத் தம்பி ஒன்பது வயதான குட்டியானை ஒன்றை, அதாவது டாடா ஏஸ் லோடு வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கினான். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் மீன் ஏற்றி தக்கலை, மார்த்தாண்டம் சந்தைகளில் இறக்குவது அவன் கணக்கு. வாங்கி மூன்றாவது வாரம் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, எஃப்சி தீரப் போகுது. பெயிண்ட் அடிக்க ஆள் பேசியாச்சு. வேற என்ன செய்யணும்?"

"பிரேக் எப்படி இருக்கு?" என்றேன்.

"அது நல்லா பிடிக்கும்ணே. ரெண்டு தடவ அமுக்கினா போதும்."

இந்தக் கட்டுரை அவனுக்குச் சொன்னதுதான். முதல் தடவை எஃப்சிக்கு வண்டி கொண்டு போகிற எவருக்கும் பொருந்தும். நம் ஊரில் எஃப்சி என்றதும் நினைவுக்கு வருவது பெயிண்ட், அதற்கு அப்புறம் சீட் கவர். சோதனை செய்யும் மோட்டார் வாகன ஆய்வாளருக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயரோ பிரேக் இன்ஸ்பெக்டர். அவர் எதைப் பார்க்க வருகிறார் என்பது பெயரிலேயே இருக்கிறது.

எஃப்சி என்றால் ஃபிட்னஸ் சர்டிபிகேட், தகுதிச் சான்று. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-ஆவது பிரிவில், வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடும் வண்டிக்கு நடப்பு எஃப்சி இல்லாவிட்டால் அதன் பதிவே செல்லாது என்கிறது. எஃப்சி தீர்ந்த மறுநாள் ரோட்டில் இறங்கினால் ஆர்சி கையில் இருந்தும் இல்லாத கணக்குதான். பிடிபட்டால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், அடுத்த தடவை 10,000 வரை போகும். அதைக்கூடக் கட்டிவிடலாம். எஃப்சி இல்லாத நாளில் ஒரு விபத்து நடந்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் அதையே காரணம் காட்டிக் கையை விரிக்கப் பார்ப்பார்கள். அப்படி ஒரு கேஸ் கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும்.

யார் எப்போது போக வேண்டும் என்பதில் பலருக்கும் குழப்பம். ஆட்டோ, டாக்சி, வேன், லாரி, பஸ், லோடு வண்டி எல்லாம் போக்குவரத்து வாகனக் கணக்கில் வரும். புது வண்டிக்கு முதல் எஃப்சி இரண்டு வருஷத்துக்கு. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். எட்டு தாண்டினால் வருஷா வருஷம். தம்பியின் வண்டிக்கு வயது ஒன்பது, ஆகவே இனி ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு இந்த வேலை உண்டு. சொந்த உபயோகத்துக்கான காரும் பைக்கும் இதில் வராது. அவற்றின் பதிவு 15 வருஷம் ஓடும், அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

பள்ளிக்கூட வண்டிகள் கதை தனி. 2012-இல் சென்னையில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அந்த வருஷமே தமிழக அரசு பள்ளி வண்டிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி எஃப்சி போக, வருஷந்தோறும் பள்ளி திறப்பதற்கு முன்னால் பல துறை அதிகாரிகள் சேர்ந்து வந்து ஒவ்வொரு வண்டியையும் பார்க்கிறார்கள். அந்த ஓட்டையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது, கடைசியில் திரும்ப வருகிறேன்.

பேப்பர் வேலை

இது சுலபம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, கட்டணம் கட்டி, நாள் எடுத்துக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் பதிவு என்றால் டிஎன் 74, மார்த்தாண்டம் என்றால் டிஎன் 75. ஆர்சி, பழைய எஃப்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பெர்மிட் தேவைப்படும் வண்டியானால் அதுவும். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம், ஆகவே குட்டியானைக்காரர்கள் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய வண்டியானால் பசுமை வரி பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கியவர்கள் பழைய ஓனர் பெயரில் இ-சலான் அபராதம் ஏதும் கட்டாமல் தூங்குகிறதா என்றும் பாருங்கள். தம்பிக்கு மூன்று இருந்தன. பழைய ஓனருக்குப் போன் போட்டால் ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இவனே கட்டினான்.

நாளைத் தள்ளிப்போடாதீர்கள். எஃப்சி தீர்ந்த பிறகு தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2021-இல் விதி வந்தது. "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று இரண்டு மாதம் விட்டால் அதுவே மூவாயிரம்.

ரெண்டு தடவை அமுக்கினால் பிடிக்கும் பிரேக்

தம்பி பெருமையாகச் சொன்ன பிரேக்கைப் பார்ப்போம். நீங்கள் பெடலை மிதிக்கும்போது கால் அழுத்தத்தைச் சக்கரம் வரை கொண்டு போவது ஒரு மெல்லிய குழாயில் இருக்கும் பிரேக் ஆயில்தான். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் இந்த முனையில் தள்ளினால் அந்த முனையில் தள்ளும். அங்கே வீல் சிலிண்டர் தள்ள, ஷூ என்கிற வளைந்த பட்டை விரிந்து, சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசி நிறுத்தும். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனர் தேய்ந்துவிட்டால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிடும். முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே சரியாகப் போய்விடும். இரண்டாவது மிதிதான் பிடிக்கும். குழாயில் காற்று புகுந்திருந்தாலும் இதே கதைதான். காற்று சுருங்கும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. குறுக்கே ஆடு பாய்கிற நேரத்தில் இரண்டாவது தடவை மிதிக்க அவகாசம் கிடைக்காது.

வண்டியைத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டு போனோம். மெக்கானிக் அண்ணன் பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டித் தட்டி உருவினார். உள்ளே கருப்புச் சேறு மாதிரி ஒன்று அப்பியிருந்தது. விரலால் ஒரு இழு இழுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார்.

"மக்கா, இது கிரீஸ் இல்ல. பிரேக் ஆயிலு. வீல் சிலிண்டர் ஒழுகுது. இத வச்சிட்டா நீ குளச்சல்ல இருந்து வந்த?"

தம்பி ஒன்றும் பேசவில்லை. லைனர் நனைந்து, வழுக்கி, ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கவே இல்லை. இப்படி இடது ஒரு அளவும் வலது ஒரு அளவும் பிடித்தால் மழை நேரத்தில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆய்வாளர் வண்டியை ஓடவைத்து பிரேக் போடச் சொல்வது இதைப் பார்க்கத்தான். நிற்கிறதா என்பதோடு, நேராக நிற்கிறதா என்றும் பார்ப்பார். ஹேண்ட் பிரேக்கையும் மறந்துவிடாதீர்கள். பல லோடு வண்டிகளில் அது சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது, நிறுத்தினதும் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கல்லை எஃப்சிக்குக் கொண்டு போக முடியாது.

இன்னொன்று. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு குறையும். பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறீர்கள் என்றால் சூடு ஏறி, ஆயிலுக்குள் ஆவி உண்டாகி, பெடல் திடீரென்று உள்ளே போய்விடும். வருஷத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டம் நம்முடையது, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எஃப்சி வேலையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

டயர், ஸ்டீயரிங், விளக்கு

டயருக்கு விதி ஒரு அளவு வைத்திருக்கிறது. நாலு சக்கர வண்டியின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டு, மூன்று சக்கர வண்டியானால் 0.8. அளக்கக் கருவி வேண்டாம். டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேர் மேலே பள்ளத்துக்குள் பார்த்தால் ஒரு சின்னத் திட்டு குறுக்கே தெரியும். டயர் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. எஃப்சிக்காகப் பக்கத்து வண்டியின் டயரைக் கடன் வாங்கி மாட்டி, முடிந்ததும் கழற்றிக் கொடுக்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றி என்ன சொல்ல, மழையில் அவரவர் டயரோடுதான் அவரவர் போகிறார்கள்.

ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது. 30 டிகிரி என்றால் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம். வண்டியை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சக்கரம் அசையத் தொடங்கும்வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். டேப் ஒரு மணியைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஆட்டோவுக்கு ஹேண்டில் என்பதால் இந்தச் சோதனை வேறு மாதிரி, அதை மெக்கானிக் கையால் பிடித்து ஆட்டியே சொல்லிவிடுவார்.

விளக்கில்தான் அதிகம் பேர் திரும்பி வருகிறார்கள். நானே ஒரு தடவை வந்திருக்கிறேன். என் பழைய லோடு ஆட்டோவுக்கு பிரேக், டயர் எல்லாம் பார்த்து, கழுவித் துடைத்துக் கொண்டு போய் நிறுத்தினேன். ஆய்வாளர் பின்னால் போய் நின்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். இண்டிகேட்டர் எரிந்தது, பிரேக் லைட் எரிந்தது, பின் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கிற குட்டி பல்பு எரியவில்லை. அப்படி ஒரு பல்பு வண்டியில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பல்பு என்னவோ சில்லறைக் காசுதான். அதை வாங்க நடந்த நடையும் திரும்ப வரிசையில் நின்றதும் சேர்த்து ஒரு நாள் வாடகை போச்சு. ஆகவே முந்தின நாள் ராத்திரி ஒரு ஆளைப் பின்னால் நிறுத்தி எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். அப்படியே வண்டியை ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தி லோ பீம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே விழ வேண்டும். மேலே ஏறினால் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும்.

ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். நிறம் மாற்றி ஒட்டினால் உரிக்கச் சொல்வார்கள். பல குரலில் பாடும் ஹார்ன் கூடாது, சுற்றுலா வேன்காரர்கள் கவனிக்க. 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொன்ன பிறகும் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னால் துருத்தும் பம்பர் கம்பியையும் கழற்றிவிட்டுப் போவது நல்லது. வைப்பர், கண்ணாடி, ஸ்பீடோமீட்டர், சைலன்சர் எல்லாம் வேலை செய்ய வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டிய வண்டிகளில் சீல் உடையாமல் இருக்க வேண்டும், பொதுவான உச்சம் மணிக்கு 80 கிலோமீட்டர். முதலுதவிப் பெட்டி வைத்திருந்தால் திறந்து தேதி பாருங்கள். ஒரு டிரைவரின் பெட்டியில் பீடிக்கட்டு மட்டும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடல்காற்று செய்கிற வேலை

மற்ற மாவட்டத்துக்காரர்கள் அவ்வளவாகக் கவலைப்படாத ஒன்று நமக்கு உண்டு. துரு. மூன்று பக்கமும் கடல் என்று பெருமையாகச் சொல்கிறோம், அந்தக் காற்றில் உப்பும் சேர்ந்தே வருகிறது. மீன் வண்டிகளுக்கு அது போதாதென்று ஐஸ் உருகி, மீன் தண்ணீரும் உப்புமாகச் சேர்ந்து தளத்தின் இடுக்கு வழியே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மேல் ராப்பகலாகச் சொட்டும். குளச்சல், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைமுகங்களில் நிற்கிற எந்த வண்டிக்கும் அடியில் குனிந்து பாருங்கள், தெரியும்.

பெயிண்ட் இதை மறைக்கும், சரிசெய்யாது. மெக்கானிக் அண்ணன் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். சேசிஸ் சட்டத்தில் அதன் பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். ஒரு இடத்தில் சத்தம் மாறியது, பொத் என்று. முனையைத் திருப்பிக் குத்தினார். பழைய ஓனர் அடித்திருந்த புத்தம்புது கறுப்புப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு ஸ்க்ரூ டிரைவர் ஒரு விரல் ஆழம் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது பிஸ்கட் தூள் மாதிரி சிவப்பாகக் கொட்டியது.

நான் சொன்ன பள்ளிப் பேருந்தின் ஓட்டை இதுதான். தரை தகடு ஒரே நாளில் ஓட்டையாவதில்லை. தரை விரிப்பும் பெயிண்டும் அதை மூடி வைத்திருக்கும், மேலே நிற்கிறவருக்குத் தெரியாது.

அந்த இடத்தை வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பிரேக் ஆயில் போகிற இரும்புக் குழாயும் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தது, அதையும் மாற்றச் சொன்னார். எனக்குத் தெரிந்து இந்த ஒரு குழாயை யாரும் தானாக மாற்றுவதில்லை. உடைந்தால்தான் மாற்றுவார்கள், உடைவதோ அழுத்தி மிதிக்கிற நேரத்தில். துரு வராமலிருக்கப் பழைய எஞ்சின் ஆயிலைச் சேசிஸில் பூசுகிறவர்கள் உண்டு. அது ஓரளவு காக்கும்தான், ஆனால் பிரேக் பக்கம் தெறித்தால் வேறு வம்பு. ஒவ்வொரு நடைக்கும் பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவது இதைவிட மலிவு.

துரு இன்னொரு இடத்திலும் காலை வாரும். சேசிஸ் நம்பர். ஆய்வாளர் முதலில் சரிபார்ப்பது அதைத்தான். நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து வரச் சொல்வதுண்டு. கடலோர வண்டிகளில் அந்த நம்பரே செதில் செதிலாகப் பூத்துப் போயிருக்கும். முந்தின நாளே கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு மெதுவாகத் தேய்த்துச் சுத்தம் செய்து கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். மெதுவாக என்பதைக் கவனியுங்கள். கிரைண்டர் வைத்துத் தேய்த்து நம்பரையே அழித்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் அதற்காக நடந்த நடை பெரிய கதை.

அந்த நாள்

காலையிலேயே போய்விடுங்கள். வண்டியைக் கழுவிக் கொண்டு போங்கள், சரக்கு இருக்கக் கூடாது. புகைச் சோதனை அன்றைக்குத்தான் எடுக்கிறீர்கள் என்றால் எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுப் போங்கள். டீசல் வண்டிக்கு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்து வரும் புகை எவ்வளவு அடர்த்தி என்று கருவி பார்க்கும். காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் நல்ல எஞ்சினும் கறுப்பாகத் துப்பும்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் நடப்பது ரொம்பச் சாதாரணம். ஆய்வாளர் சேசிஸ் நம்பரையும் ஆர்சியையும் ஒப்பிடுவார். சுற்றி நடப்பார், குனிவார். விளக்கு, ஹார்ன், வைப்பர் போடச் சொல்வார். ஓட்டி பிரேக் போடச் சொல்வார். எஞ்சினின் இழுவை எப்படி, மைலேஜ் எவ்வளவு என்று கேட்க மாட்டார். அது உங்கள் பாடு. ரோட்டில் மற்றவனுக்கு ஆபத்து வருமா என்பதுதான் அவர் வேலை. ஏதாவது கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்குக் கதை கட்ட வேண்டாம்.

2021-இல் வந்த விதிகளின்படி நாட்டில் பல இடங்களில் இந்த வேலையை இயந்திரங்கள் செய்யத் தொடங்கியிருக்கின்றன. தானியங்கி சோதனை நிலையம் என்று பெயர். அங்கே சக்கரங்கள் உருளைகள் மேல் நிற்கும். உருளை சுற்றும்போது பிரேக் மிதித்தால் ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று எண்ணாக வந்துவிடும். விளக்கின் கோணம், புகை, முன்சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான். தம்பியின் பழைய இடது பின்சக்கரம் அதில் ஏறியிருந்தால் எண் என்ன வந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தோம்.

தேறாவிட்டால் கலங்க வேண்டாம். என்ன குறை என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சரிசெய்து திரும்பக் கொண்டு போகலாம். அதுவரை வண்டியைத் தொழிலுக்கு ஓட்டக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தம்பியின் வண்டி ஒரே தடவையில் தேறியது. பெயிண்டுக்கு ஒதுக்கிய காசு முழுக்க பிரேக்குக்கும் வெல்டிங்குக்கும் போய்விட்டதால் முன்பக்கக் கதவில் பழைய ஓனரின் பிள்ளைகள் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆய்வாளர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவன் குளச்சலுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டது. வளைவில் பிரேக் லைட் சிவப்பாக எரிந்தது, ஒரே ஒரு தடவை.